திமிரியா, பாரியா?

மகளை அரசு இசைப்பள்ளியில் நாயனத்தில் சேர்த்திருக்கிறீர்கள். வீட்டில் சாதகம் செய்ய அவளுக்குச் சொந்தமாக ஒன்று வேண்டும். கையும் சின்னது, உடம்பும் சின்னது. கனம் தெரியாத குட்டையான நாயனமாகப் பார்த்து வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்விதான், தம்பி. ஆனால் ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. உட்காருங்கள், இரண்டாகச் சொல்லிவிடுகிறேன்.

நாயனத்தில் ‘சின்னது’ என்றால் வெறும் அளவு மட்டும் இல்லை. சட்டையில் சின்ன அளவு வாங்கினாலும் அது சட்டைதான். நாயனம் சின்னதானால் அதன் சுருதியே ஏறிவிடும். சுருதி மாறினால் கூட வாசிக்கிறவர், வாசிக்கிற இடம், வாசிக்கிற ராகத்தின் நிறம் எல்லாம் கூடவே மாறும். அதனால் கனத்தைக் கடைசியில் பார்ப்போம். முதலில் குழலைப் பார்ப்போம்.

வாயில் வைக்கிற இடத்தில் இருப்பது சீவாளி. அது செருகியிருக்கும் சின்ன உலோகக் குழாய் கெண்டை. அதற்கு அடுத்து வரும் நீண்ட மரக்குழலை உலவு என்பார்கள். அடியில் விரிந்து நிற்பது அணசு. உலவின் உட்புறம் மேலே ஒடுங்கி, கீழே வர வர அகலமாகிக்கொண்டே போகும். விரல் வைக்க ஏழு துளை. அதற்கும் கீழே விரலே படாத ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் மெழுகை அடைத்தும் எடுத்தும் நாதத்தைச் சரிசெய்துகொள்வார்கள். உலவு ஆச்சா மரத்தில் ஆனது. அதிலும் பழைய மரம்தான் உசத்தி. இடிக்கிற பழைய வீடுகளில் கிடைக்கும் உத்திரம், தூண் என்று தேடிப்போய் வாங்கிவந்து கடைவார்கள். பல காலம் காய்ந்த மரம் இனிமேல் சுருங்காது, முறுக்காது, வெடிக்காது. கடைந்த துளை கடைந்தபடியே நிற்கும். குட்டையான திமிரியாக இருந்தாலும் நீண்ட பாரியாக இருந்தாலும் இந்த அமைப்பு ஒன்றுதான். வித்தியாசம் நீளத்தில் ஆரம்பிக்கிறது.

ஊதும்போது பேசுவது மரம் இல்லை, மரத்துக்குள் நிற்கிற காற்று. காற்றுப் பத்தி நீளமானால் அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். நீளம் இரண்டு மடங்கானால் ஒரு ஸ்தாயி முழுக்கக் கீழே போகும். நம் ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். ஆர்மோனியத்தில் ‘சி’ என்கிற வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்த வெள்ளை இரண்டு, மூன்று என்று போகும். நடுவில் வரும் கறுப்பு அரைக் கட்டை. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். திமிரி நாலரை, ஐந்து கட்டைப் பக்கம் பேசும். பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் பேசும். இரண்டுக்கும் நடுவில் இடைபாரி என்றும் ஒன்று உண்டு.

நாலரைக் கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்கு இறங்க நாலு ஸ்வரஸ்தானம் இறங்க வேண்டும். அதே வடிவத்தில் ஒரு குழலைச் செய்தால், கணக்குப்படி நீளம் ஏறக்குறைய கால் பங்கு கூட வேண்டும். இரண்டடிக் குழல் இரண்டரை அடியாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு குழலோடு நிற்காது. துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள தூரமும் அதே கால் பங்கு விரியும். உங்கள் மகளுக்கு முதலில் தொல்லை கொடுக்கப்போவது இந்த இடைவெளிதான், கனம் இல்லை. துளையை விரல்நுனி முழுக்க மூடாமல் ஓரத்தில் நூல் அளவு திறந்திருந்தாலும் ஸ்வரம் கீச்சிட்டு ஓடிப்போகும். எட்டாத விரலை எட்டவைக்க மணிக்கட்டை வளைப்பாள். வளைத்த மணிக்கட்டோடு வருஷக்கணக்கில் சாதகம் செய்தால் அந்தப் பழக்கம் பிறகு லேசில் போகாது. எந்த நாயனம் என்று பார்க்கும் முன்னால் அவள் விரல்களைத் துளைகளின் மேல் வைத்துப் பாருங்கள். விரல் தட்டையாக, இழுக்காமல் படுகிறதா? படுகிறது என்றால் பாதிக் கவலை போயிற்று.

இப்போது எல்லாரும் பாரிதானே வாசிக்கிறார்கள், திமிரி எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் திமிரிதான் எங்கும். அதை மாற்றியவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை. 1898-ல் பிறந்து 1956-ல் மறைந்தவர். திமிரியில் அவருக்கு இரண்டு குறை. ஒன்று, அவர் மனதில் இருந்த ஆழம் அந்த உச்சமான சுருதியில் வரவில்லை. இன்னொன்று, மத்யமம். பழைய திமிரியில் சுத்த மத்யமம் துளையிலிருந்து நேராக வராது. மூச்சை அடக்கி, விரலைப் பாதி மூடி அதை வரவழைக்க வேண்டும். தோடிக்குப் பேர்போன மனிதர் அவர். தோடி சுத்த மத்யம ராகம். ஒவ்வொரு முறையும் போராடி வாங்குகிற ஸ்வரத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் தோடியை விரிப்பது எப்படி?

கும்பகோணத்திலிருந்து மாயவரம் போகிற வழியில் நரசிங்கம்பேட்டை என்று ஓர் ஊர். தலைமுறை தலைமுறையாக நாயனம் கடைகிற ஆசாரிமார் இருக்கிற ஊர். அங்கே ரங்கநாதன் ஆசாரி, பிள்ளையின் தேவையைக் கேட்டு, குழலை நீட்டி, துளைகளை இடம் மாற்றி, சுத்த மத்யமம் சுத்தமாகவே பேசுகிற பாரி நாயனத்தைச் செய்துகொடுத்தார். வாசிக்கிறவரும் செய்கிறவரும் இப்படிக் கூடி உட்கார்ந்து ஒரு வாத்தியத்தின் உடம்பையே மாற்றியது நம் இசை வரலாற்றில் பெரிய காரியம். ராஜரத்தினம் பிள்ளையைப் புகழ்கிறவர்கள் அந்த ஆசாரியின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அந்த ஊருக்குச் சேர வேண்டிய மரியாதையில் கொஞ்சம் சேர்ந்தது.

பிள்ளை இன்னொன்றும் செய்தார். துளையே இல்லாத நீண்ட குழலில் ஒரே ஸ்வரத்தை விடாமல் ஊதிக்கொண்டிருக்கும் ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். இதையும் பாரியையும் சேர்த்துப் பார்த்தால் அவர் எங்கே போய்க்கொண்டிருந்தார் என்பது தெரியும். வீதியிலிருந்து மேடைக்கு. நாலு வீதிக்கும் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தில் பிறந்தது திமிரியின் உச்சம். ஒலிபெருக்கி வந்தபிறகு அந்தக் கட்டாயம் தளர்ந்தது. தாழ்ந்த சுருதியின் கனிவை மேடையிலிருந்து கடைசி வரிசை வரை கொண்டுபோக முடிந்தது. பாரி நிலைத்ததற்கு அதன் அழகு ஒரு காரணம் என்றால் ஒலிபெருக்கி இன்னொரு காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

நம் திருவண்ணாமலை வீதியை வைத்து இதை யோசித்துப் பாருங்கள். கார்த்திகை தீபத் திருவிழா பத்து நாள். கொடியேறிய நாளிலிருந்து காலையும் இரவும் சாமி மாடவீதி வருகிறார். ஏழாம் நாள் மகா தேர். பஞ்சமூர்த்திகளின் ஐந்து தேரும் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி நிலைக்கு வர நாள் முழுக்க ஆகிறது. சங்கிலி இழுக்கிற கூட்டத்தின் அரோகரா, போலீஸ் ஒலிபெருக்கி, விசில், கடைகளின் சத்தம். மேலே திறந்த வானம். சுவர் இருந்தால்தான் ஓசை திரும்பி வரும்; வானம் ஓசையை வாங்கிக்கொண்டு திருப்பித் தராது. இந்த இடத்தில் பாரியின் அடித்தொனி பத்தடி தாண்டுவதற்குள் கரைந்துவிடும். திமிரி கூட்டத்தின் தலைக்கு மேலே ஏறிப் போகும். நம் காது எல்லா ஓசையையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. தாழ்ந்த ஓசையைவிட உச்சத்து ஓசைக்குத்தான் அது கூர்மை. திமிரியின் சக்தி அங்கே இருக்கிறது.

அதே சாமி ஐந்தாம் பிரகாரத்தைத் தாண்டி உள்ளே வந்து, கல் மண்டபத்தில் எழுந்தருளி நிற்கும்போது பாருங்கள். சுற்றிலும் கருங்கல். ஊதியதெல்லாம் திரும்பி வரும். அங்கே திமிரியை முழு மூச்சில் வாசித்தால் பக்கத்தில் நிற்க முடியாது. பாரியின் ஆலாபனை தூணுக்குத் தூண் உருண்டு நிறையும். ஒரே கோயிலில் நூறு கஜத்துக்குள் இரண்டு விதமான தேவை.

வாசிக்கிற உருப்படியும் இதில் பேசும். சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி. பெரும்பாலும் கம்பீர நாட்டையில், சாகித்யம் இல்லாமல், தவிலோடு கைகோத்து, காலம் காலமாக ஏற்றி வாசிப்பது. தேருக்கு ஒரு மல்லாரி, தீர்த்தத்துக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று என்று சமயத்துக்குத் தக்கபடி உண்டு. மூன்றாம் காலத்தில் விரல் பறக்க வேண்டும். நெருங்கிய துளைகளும் குறைந்த காற்றும் உள்ள சின்னக் குழல் அதற்கு உடனே மறுமொழி சொல்லும். ஆலாபனையில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அசைத்து, அடுத்ததற்கு வழுக்கிப் போகிற இடத்தில் பெரிய குழல் தாராளமாக இடம் கொடுக்கும். இரண்டையும் இரண்டு குழலிலும் வாசிக்கலாம், வாசிக்கிறார்கள். ஆனால் எது எதில் சுலபமாக வருகிறது என்று வாத்தியமே சொல்லும்.

இப்போது கனத்துக்கு வருகிறேன். இன்னொரு டீ சொல்லுங்கள்.

நாயனத்தை எடைத்தட்டில் வைத்தால் பெரிய கனமே இல்லை. பக்கத்தில் தோளில் தவிலை மாட்டிக்கொண்டு நிற்கிறவரைப் பார்த்தால் நாயனக்காரர் கனத்தைப் பற்றிப் பேசவே கூசுவார். ஆனாலும் ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோளும் முன்கையும் வலிக்கிறதே, ஏன்? தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தெரு நடந்துவிடலாம். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கும். குடத்தின் கனம் மாறவில்லை. உடம்பிலிருந்து அதன் தூரம் மாறியது. நாயனம் வாயிலிருந்து முன்னோக்கிச் சரிந்து நிற்கிறது. அதன் கனமான பகுதி அணசு. அதுதான் உடம்பிலிருந்து அதிகத் தூரத்தில் இருக்கிறது. குழல் நீள நீள அணசு இன்னும் தள்ளிப் போகும். அதனால் பாரியில் கனம் கூடுவதைவிட இழுவை அதிகமாகக் கூடுகிறது.

இதற்கு வைத்தியம் குழலைக் குட்டையாக்குவது ஒன்றுதான் என்று நினைக்காதீர்கள். அணசை மாற்றினாலே போதும். உலோக அணசு கனக்கும். மரத்தில் கடைந்த அணசு லேசு. குழலின் நீளம் குறையாது, சுருதி மாறாது, கையின் இழுவை மட்டும் குறையும். தொனியில் வித்தியாசம் தெரியும் என்பார்கள், தெரியும்தான். உலோகத்தின் அந்த மினுக்கு குறைந்து கொஞ்சம் மெத்தென்று பேசும். எனக்கு அது பிடிக்கும். வளர்கிற பெண்ணின் தோளுக்கு முன்னால் அந்த மினுக்கு பெரிதில்லை.

கனத்தின் எல்லையைப் பார்க்க வேண்டும் என்றால் கும்பகோணம் ஆதிகும்பேஸ்வரர் கோயிலுக்குப் போய்வாருங்கள். அங்கே கல்லிலேயே செய்த நாகஸ்வரம் இருக்கிறது. அதைத் தூக்கி வாசித்தவர்களின் நெஞ்சுறுதியை நினைத்துக் கும்பிடலாம்.

கையைவிட முக்கியம் மூச்சு. நீண்ட, உள்ளே அகலமான குழலுக்குப் பெரிய சீவாளி வேண்டும். பெரிய சீவாளிக்கு அதிகக் காற்றும் உதட்டில் அதிகப் பிடிப்பும் வேண்டும். ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட நுணுக்கமெல்லாம் நாயனத்தில் விரலில் பாதி, மூச்சின் அழுத்தத்தில் பாதி. மூச்சுத் தளர்ந்தால் சத்தம் குறைவதோடு நிற்காது, சுருதியே சரியும். ஆரம்பத்தில் பிள்ளைகள் வாசிப்பது தட்டையாகக் கேட்பதற்குக் காது குறை இல்லை, வயிற்றிலிருந்து காற்று இன்னும் வரவில்லை என்பதுதான் காரணம். இது வயதோடும் சாதகத்தோடும் வந்துவிடும். பெண் பிள்ளையாயிற்றே என்று யாராவது உதட்டைப் பிதுக்கினால் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயின் பெயரைச் சொல்லுங்கள். ஷேக் சின்ன மௌலானாவிடம் கற்று, கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு சேர்ந்து 2020-ல் பத்மஸ்ரீ பெற்ற காலிஷாபி மகபூப்பின் பெயரையும் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

இதே கேள்வி உலகத்தின் மறுபக்கத்திலும் இருக்கிறது. குடியரசு தின அணிவகுப்பில் பேண்டு வாத்தியக்காரர்கள் வரும்போது, கடைசி வரிசையில் பித்தளைப் பூ மாதிரி வாய் விரிந்த ஒரு பெரிய வாத்தியத்தை உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு வருவார்களே, அது சூசாஃபோன். அதன் மூத்த சகோதரன் டியூபா. உட்கார்ந்து மடியில் வைத்து வாசிப்பது. 1835-ல் பெர்லினில் வீப்ரெக்ட் என்ற பேண்டு மாஸ்டரும் மோரிட்ஸ் என்ற வாத்தியம் செய்கிறவரும் சேர்ந்து முதல் டியூபாவைச் செய்தார்கள். பார்த்தீர்களா, அங்கேயும் வாசிப்பு உலகத்து ஆள் ஒருவர், பட்டறைக்காரர் ஒருவர். அந்த வம்சத்து வாத்தியங்கள் நமக்கு அந்நியமும் இல்லை; மீரட் நகரத்தில் 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி பேண்டு வாத்தியங்கள் செய்துவருகிறது. நம் கல்யாண ஊர்வலங்களில் முழங்குகிற பித்தளை வாத்தியங்களில் மீரட்டில் பிறந்தவை நிறைய.

கச்சேரி பேண்டில் டியூபா வாசிக்கிறவர்களுக்கு வயது ஏற ஏற முதுகு கேட்கும். பெரிய டியூபா பத்துக் கிலோவைத் தாண்டும். சின்னதாக ஒன்றுக்கு மாறலாமா என்று யோசிப்பார்கள். அவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, மேல் சுருதி டியூபாவுக்குப் போவது. பி-ஃப்ளாட் டியூபாவின் குழாயைச் சுருள் பிரித்து நீட்டினால் 18 அடி. ஈ-ஃப்ளாட் டியூபாவில் 13 அடிதான். நம் பாரியிலிருந்து திமிரிக்குப் போவது போல. இன்னொரு வழி, நமக்கு இல்லாதது. அதே 18 அடிக் குழாய், அதே சுருதி. ஆனால் குழாயின் குறுக்களவும் வாயின் விரிவும் குறைத்து, இறுக்கமாகச் சுருட்டிச் செய்த முக்கால் அளவு டியூபா. சுருதி இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. கனம் மட்டும் குறைகிறது. பதிலுக்கு எதைக் கொடுக்கிறார்கள் என்றால் அந்த அகன்ற, தரையே அதிர்கிற ஓசையில் ஒரு பகுதியை. வாங்குவது என்னவென்றால் ஒவ்வொரு ஸ்வரமும் தெளிவாக, சட்டென்று தொடங்குவது. முக்கால், முழு, ஒன்றேகால் என்று அவர்கள் சொல்கிற அளவுகளுக்குப் பொதுவான கோல் கிடையாது. ஒரு கம்பெனியின் முக்கால் இன்னொரு கம்பெனியின் முழு அளவாக இருக்கலாம். அதனால் பெயரை நம்பாமல் மடியில் வைத்து வாசித்துப் பார்த்தே வாங்குவார்கள்.

அவர்களுக்கு இன்னொரு சௌகரியம். ஒரு பேண்டில் நாலு டியூபா இருந்தால் ஒன்று சின்னதாக, ஒன்று பெரிதாக இருக்கலாம். சுருதி ஒன்றே என்பதால் கலந்துவிடும். ஓசையில் ஒருவர் விட்டதை இன்னொருவர் நிரப்புவார். நமக்கு அது முடியாது. நாயனம் ஜோடி வாத்தியம். பக்கத்தில் நிற்கிற நாயனமும் உங்கள் நாயனமும் ஒரே கட்டையில், ஒரே மாதிரி பேச வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு நல்ல வாத்தியக்காரர்கள் சேர்ந்து வாசித்தாலும் கேட்கிறவருக்குப் பல் கூசும். அதனால்தான் ஜோடியாகக் கடைந்து வாங்குகிற வழக்கம்; ஒரே மரத்துண்டில் இரண்டையும் எடுத்தால் இன்னும் நல்லது என்பார்கள்.

இதைத்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வந்தேன், தம்பி. நாயனம் வாங்குவது உங்கள் மகளுக்காக மட்டும் வாங்குவது இல்லை. அவள் யாரோடு நிற்கப்போகிறாளோ அவர்களுக்கும் சேர்த்து வாங்குவது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இரண்டரைக் கட்டையில் வாசிக்கும்போது இவள் மட்டும் நாலரைக் கட்டைத் திமிரியோடு போய் உட்கார்ந்தால், வாத்தியார் சொல்லித்தருவதைக் கூடச் சேர்ந்து ஊத முடியாது. தனியே ஒரு மூலையில் உட்காரவைப்பார்கள். பிள்ளைகளுக்கு நாயனத்தின் ருசி வருவதே கூட்டமாக ஊதும்போதுதான். அதை அவளிடமிருந்து பறித்துவிடாதீர்கள். முதல் வேலையாக வாத்தியாரிடம் போய் எந்தக் கட்டை என்று கேளுங்கள். அவர் வாயால் கட்டையைச் சொன்ன பிறகு மற்றதெல்லாம்.

அவர் சொல்கிற கட்டையில் விரல் எட்டவில்லை என்றால்? அப்போதும் சொந்தமாகத் திமிரி வாங்காதீர்கள். விரல் எட்டும் வரை, அரைக் கட்டையோ ஒரு கட்டையோ ஏறின குழலை யாரிடமாவது இரவல் வாங்கி வீட்டில் சாதகம் செய்யட்டும். விரல் வைக்கும் முறை ஒன்றேதான். அதில் பழகின விரல் இதிலும் தானாக விழும். கை வளர்ந்ததும் அவளுடைய பாரியை வாங்கிக்கொடுங்கள். திமிரி வேண்டாம் என்று நான் சொல்வது அது மட்டம் என்பதால் இல்லை. திமிரி தனக்கென்று ஓர் இடமும் கம்பீரமும் உள்ள வாத்தியம். அதைப் ‘பாரியின் சின்ன அளவு’ என்று நினைத்து வாங்குவதுதான் பிழை. பிற்காலத்தில் அவளே வீதிப் புறப்பாட்டுக்கு என்று ஆசைப்பட்டு ஒரு திமிரி ஜோடியைத் தேடினால் நான் மிகவும் மகிழ்வேன். இந்த ஊரில் சாமியே வருஷத்தில் இரண்டு முறை, தீபம் முடிந்தும் திருவூடலுக்கும், 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறார். அந்தத் திறந்த வெளியில் மறுபடியும் திமிரியின் குரல் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

நம் ஊர்த் தட்பவெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், இது வெளியூர்க்காரர்கள் யோசிக்காத விஷயம். குளிர்ந்த காற்றில் ஓசை மெதுவாகப் போகும். பத்து டிகிரி குளிர்ந்தால் குழலின் சுருதி ஒரு ஸ்வரஸ்தானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இறங்கப் பார்க்கும். சித்திரை மத்தியானத்தில் கடையில் சரியாகப் பேசின நாயனம், கார்த்திகை மழைக்கு நடுவே பரணி தீபத்து விடியற்காலையில் தாழ்ந்து பேசும். மின்சாரச் சுருதிப் பெட்டிக்குக் குளிரும் தெரியாது, வெயிலும் தெரியாது. அது அதே இடத்தில் நிற்கும். வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் மூச்சின் சூட்டில் குழல் தேறிவிடும். சின்னக் குழல் சீக்கிரம் தேறும், பெரியது மெதுவாகத் தேறும். டியூபாக்காரர்களுக்கும் இதே கதைதான், அவர்கள் 18 அடியைச் சூடேற்ற வேண்டும். தேறின பிறகும் மிச்சமிருக்கிற வித்தியாசத்தைச் சீவாளியைக் கெண்டையில் சற்று உள்ளே தள்ளி ஏற்றிக்கொள்ளலாம், வெளியே இழுத்து இறக்கிக்கொள்ளலாம். ஆகவே வாங்கும்போது சீவாளி பாதி தூரத்தில் நிற்கும்போதே சுருதி சேர வேண்டும். முழுக்க உள்ளே அழுத்தின பிறகுதான் சேருகிறது என்றால், மார்கழி விடியலில் அவளுக்கு ஏற்ற இடமே இருக்காது.

வாங்கப் போகும்போது வாத்தியாரையோ, கோயிலில் வாசிக்கிற பெரியவர் ஒருவரையோ கூட அழைத்துப் போங்கள். உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஊதிப் பார்ப்பது போதாது. மகள் நின்றுகொண்டு அரை மணி நேரமாவது ஊதட்டும். இருபது நிமிஷத்துக்குப் பிறகு எந்தக் கை முதலில் தாழ்கிறது என்று நீங்கள் பாருங்கள். மத்யமத்தைத் தனியாக நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். சுத்த மத்யமம் மூச்சை அடக்காமலே நிற்கிறதா என்று பெரியவர் கேட்டுச் சொல்வார். உலவின் உள்ளே வெளிச்சம் பிடித்துப் பார்த்து, கடைசல் சீராக இருக்கிறதா, மரத்தில் முடிச்சோ கீறலோ இருக்கிறதா என்று கவனியுங்கள். மர அணசு ஒன்றை மாட்டியும் ஊதச் சொல்லுங்கள்.

சீவாளியை மறந்துவிடாதீர்கள். திமிரிக்கும் பாரிக்கும் சீவாளி அளவு வேறு; ஒன்றுக்கானது மற்றதில் பேசாது. நாணல் தட்டையை வெட்டிப் பதப்படுத்தி, நசுக்கி, நூல் சுற்றிக் கட்டுகிற வேலை அது. திருவாவடுதுறைப் பக்கம் அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். புதுச் சீவாளி சில நாள் முரண்டு பிடிக்கும், பழகினது திடீரென்று ஒரு நாள் பிளந்துபோகும். ஆரம்பப் பிள்ளைக்கு மெல்லியதாகப் பார்த்து, அந்தக் குழலின் கெண்டைக்குப் பொருந்துகிறதா என்று அங்கேயே மாட்டிப் பார்த்து, கைவசம் ஏழெட்டாவது வாங்கிக்கொள்ளுங்கள். நாயனத்துக்கு வைத்திருக்கும் பணத்தில் அதற்கும் ஒரு பங்கை இப்போதே ஒதுக்கி வையுங்கள்.